காரைக்குடி டெலிவரி குடோன்ல இடம் பத்தல, பக்கத்து ஷெட்டையும் எடுக்கலாமா?

கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. காரைக்குடியில டெலிவரி ஃபிரான்சைஸ் எடுத்திருக்கீங்க. தேவகோட்டை ரோட்டுப் பக்கம் 1500 சதுர அடி தகர ஷெட், உயரம் 14 அடி. ஒரு நாளைக்கு 350 பார்சல் வருது. அது போக பலகாரம் போட்டு ஆன்லைன்ல விக்கிற நாலஞ்சு பேரோட பெட்டியும், ஆத்தங்குடி கல்லு, அதாவது தரைக்குப் போடுற டைல்ஸ், அனுப்புற ஒருத்தரோட சரக்கும் உங்க ஷெட்ல தான் கெடக்குது. கால் வைக்க இடமில்ல, பக்கத்துல 800 சதுர அடி காலியா இருக்கு, அத வாடகைக்கு எடுக்கவா இல்ல ரேக் அடிக்கவான்னு கேக்குறீங்க. ரெண்டுல எதுக்குமே பணம் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்தாகணும், உங்க ஷெட்டு நெறஞ்சு போச்சா, இல்ல போக வேண்டிய சாமான் போகாம உக்காந்திருக்கான்னு. நீங்க எழுதியிருக்குறத வச்சுப் பாத்தா ரெண்டாவது தான்னு எனக்குத் தோணுது.

நான் மதுரை, திருச்சி பக்கம் பல ஊருக்குப் பார்சல் பிரிச்சு அனுப்புற பெரிய ஹப்புலயும் அதுக்கப்பறம் இந்த செட்டிநாட்டு சுத்துவட்டாரத்துல சின்ன டெலிவரி சென்டர்களுக்கும் குடோன் அமைப்பு வேல பாத்தவன். டெலிவரி குடோனையும் மத்த குடோனையும் ஒண்ணா நெனைக்கிறதுல தான் பாதி குழப்பம் வருது. புதுவயல் ரைஸ் மில் குடோன்ல மூட்ட மாசக்கணக்குல அடுக்கி கெடந்தா அது அதோட வேல, அங்க எத்தனை மூட்ட கொள்ளும்ங்குறது தான் கேள்வி. உங்க ஷெட்டு பஸ் ஸ்டாண்டு மாதிரி, வண்டி நிக்கிற நேரம் கொறஞ்சா அதே இடத்துல எத்தனையோ வண்டி வந்து போகலாம்.

இத கணக்காவே பாக்கலாம். 1961-ல ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் நிரூபிச்சது, ரொம்ப எளிமையான விஷயம்: ஒரு இடத்துல சராசரியா எத்தனை சாமான் இருக்கும்னா, ஒரு நாளைக்கு எத்தனை வருதோ அத எத்தனை நாள் தங்குதோ அதால பெருக்கிக்க வேண்டியது தான். உங்க 350-ல ஒரு 300 அன்னைக்கே போயிருதுன்னு வைங்க, சராசரி அர நாள் தங்கல், அப்ப எந்த நேரத்துல எண்ணுனாலும் அதுல 150 இருக்கும். மிச்சம் 50, ஆள் இல்ல, போன் எடுக்கல, நாளைக்கு வா, காசு இல்ல, வேணாம்னு திரும்பி வந்து ரிட்டர்ன் போற வரைக்கும் சராசரி 6 நாள் உக்காருதுன்னா அது 300. ஆக வர்றதுல ஏழுல ஒரு பங்கு சாமான், இருக்குற இடத்துல மூணுல ரெண்டு பங்க புடிச்சிருக்கு. அந்த 6 நாள 3 நாளா கொறைச்சா 150 பார்சலோட இடம் ஒரு ரூபா செலவில்லாம காலியாகும். இது நான் உதாரணத்துக்குப் போட்ட நம்பர், உங்களது வேறயா இருக்கும், ஆனா நான் பாத்த சென்டர் எல்லாத்துலயும் கணக்கு இந்த ரூபத்துல தான் இருந்துச்சு, பிரச்சன எங்கயும் புது பார்சல்ல இல்ல, பழசுல தான்.

அதனால முதல் வேல, ராத்திரி கட பூட்டுறப்ப ஷெட்ல இருக்குற ஒவ்வொரு பார்சல் மேலயும் அது வந்த தேதிய மார்க்கர்ல பெருசா எழுதுங்க. ஸ்கேனர்ல இருக்கே, எதுக்கு எழுதணும்னு கேப்பீங்க. ஸ்கேனர்ல இருக்குறது ஸ்கேனர பாக்குறவனுக்குத் தான் தெரியும், பெட்டி மேல இருக்குறது அந்தப் பக்கம் போறவன் எல்லார் கண்ணுலயும் படும், பசங்களே "அண்ணே இது போன வாரத்துது"ன்னு எடுத்துட்டு வருவாங்க. ஒரு வாரம் எழுதுனா போதும், எந்த ஊரு, எந்தத் தெரு, எந்த விக்கிறவரோட பார்சல் திரும்பத் திரும்பத் தங்குதுன்னு தானா தெரிஞ்சிரும்.

நம்ம ஊர்ல இதுக்குன்னே சில காரணம் இருக்கு, மெட்ராஸ்ல டிரெயினிங் குடுக்குறவங்களுக்கு இது தெரியாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பல பெரிய வீடு பூட்டித் தான் கெடக்கும், வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, சிவராத்திரின்னு வர்றதுக்கு முன்னாடியே சாமான ஊர் விலாசத்துக்கு ஆர்டர் போட்டுருவாங்க. அது பூட்டுன வீட்டுக்கு மூணு தடவ போய் திரும்பி வரும். இன்னொண்ணு, பல வீடு ஒரு தெருவுல முகப்பும் அடுத்த தெருவுல பின்கட்டும் வச்சு நீளமா கட்டுனது, விலாசத்துல இருக்குற தெருவுல போய் நின்னா அங்க வெறும் பின்கதவு தான் இருக்கும், தட்டுனா யாருக்கும் கேக்காது. ஊர்ல அந்த வீட்ட குடும்ப இனிஷியல வச்சுத் தான் சொல்லுவாங்க, கதவு நம்பர் சொன்னா பக்கத்து வீட்டு ஆச்சிக்கே தெரியாது. புதுப் பையன் ஒருத்தன ரூட்டு மாத்தி அனுப்புனீங்கன்னா அன்னைக்கு ராத்திரி குடோன்ல கூடுதலா சாமான் நிக்கும், அத இடப் பிரச்சனைன்னு நெனச்சுக்குவோம். எந்த வீட்டுக்கு வாட்ச்மேன் யாரு, எந்தப் பக்கம் கதவு, யாருகிட்ட குடுக்கலாம்னு ரூட்டுவாரியா ஒரு நோட்டு போட்டு வைங்க, அந்த நோட்டு ஒரு ரேக்குக்கு சமம்னு நான் மனசார சொல்றேன். பூட்டுன வீட்டுப் பார்சலுக்கு வண்டி கெளம்புறதுக்கு முன்னாடியே போன் போட்டு தேதி கேட்டுக்கணும், பத்து நாள் கழிச்சுத் தான் வருவோம்னா கம்பெனி விதி எத்தனை நாள் வச்சுக்க விடுதோ அதுக்கு மேல வைக்காம திருப்பி விட்டுரணும். எத்தனை நாள், எத்தனை தடவ முயற்சிங்குறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், உங்க ஒப்பந்தத்துல பாத்துக்கங்க.

ரிட்டர்ன் சாமானுக்கு தனியா கதவோரமா ஒரு கம்பி வல அடிச்ச கூண்டு மாதிரி இடம் ஒதுக்குங்க, பெருசா வேணாம், சின்னதா இருக்கணும், ஏன்னா அது நெறைஞ்சா கண்ணுல உறுத்தணும். லைன் வண்டி, அதாவது ஹப்புல இருந்து பார்சல் கொண்டு வர்ற லாரி, காலையில வந்து லோடு இறக்கிட்டு காலியாத் தான் மதுரைக்கோ திருச்சிக்கோ திரும்புது, அதுல தெனமும் ரிட்டர்ன ஏத்தி விடுங்க, "சேரட்டும், சனிக்கிழம மொத்தமா அனுப்பலாம்"னு விட்டா அந்த வாரம் முழுக்க அதுக்கு நீங்க தான் வாடக கட்டுறீங்க.

இப்ப உயரத்துக்கு வர்றேன். 1500 சதுர அடி, 14 அடி உயரம்னா 21,000 கன அடி. நீங்க போட்டோவுல காட்டுன மாதிரி தரையில பாதி இடத்துல 5 அடி உயரத்துக்கு அடுக்கியிருந்தா அது 3,750 கன அடி, மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்சத்துக்கு எல்லாம் வாடக மட்டும் போகுது. அதுக்காக 21,000-யும் நெரப்ப முடியாது, யாராலயும் முடியாது, நடக்க, இறக்க, பிரிக்க இடம் வேணும். பொதுவா குடோன்காரங்க வச்சிருக்குற கணக்கு, ரேக்குல இருக்குற எடத்துல 85 சதவீதம் நெறஞ்சுட்டாலே அது நெறஞ்சதா அர்த்தம், அதுக்கு மேல போனா ஒண்ண எடுக்க இன்னொண்ண நகத்தணும், பார்சல் தேடவே காலம் போயிரும். இது கல்லுல எழுதுன விதி இல்ல, அனுபவத்துல வந்தது, ஆனா நான் பாத்த வரைக்கும் பொய்க்கல.

ரேக்குன்னா உங்களுக்கு ஓட்ட போட்ட இரும்புப் பட்டிய போல்ட் போட்டு மாட்டுற ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கே போதும், பேலட்டோட (சாமான் அடுக்கித் தூக்குற பலக) சேத்து ஏத்துற பெரிய பேலட் ரேக் எல்லாம் வேணாம். இங்க வழக்கமா கெடைக்கிற பேலட் 1200-க்கு 1000 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலடிக்கு மூணேகால் அடி, அத உள்ள இழுத்துத் திருப்ப கை வண்டிக்கே ஆறு ஏழு அடி வழி வேணும், ஃபோர்க்லிஃப்ட்னா பதினோரு பன்னெண்டு அடிக்கு மேல போகும், உங்க ஷெட்டுல அது பாதிய வழியே தின்னுரும். கையால எடுக்குற பார்சலுக்கு மூணு, மூணரை அடி வழி போதும். சுவரோரம் ஒத்த வரிச, நடுவுல முதுகுக்கு முதுகு ரெட்ட வரிச, ஆழம் 18 இஞ்ச், பெரிய பெட்டிக்கு மட்டும் 24. ஆழம் ஜாஸ்தி வச்சா பின்னாடி போற சாமான் மறந்து போகும், ஒரு தட்டுல முன்னாடி பின்னாடின்னு ரெண்டு வரிச பார்சல் வைக்கவே கூடாது.

ரேக் அடிக்கிறவர் வழக்கமா எல்லா தட்டுக்கும் 18 இஞ்ச் இடைவெளி வச்சு மாட்டிட்டுப் போயிருவாரு. உங்க பெட்டிய அளந்து பாருங்க. 11 இஞ்ச் உயரப் பெட்டின்னா கை விட ரெண்டு இஞ்ச் சேத்து 13 போதும். 90 இஞ்ச் ரேக்குல 18 இஞ்ச் வச்சா 5 தட்டு, 13 வச்சா 6 தட்டு வந்து மிச்சமும் இருக்கும். அதே ரேக், அதே வாடக, போல்ட்ட கழட்டி மாட்டுற வேல தான். ஒரு வாரம் வர்ற பெட்டியோட உயரத்த மட்டும் குறிச்சு வைங்க, மூணு நாலு அளவுக்குள்ள தான் அடங்கும், அதுக்கேத்த மாதிரி தட்ட மாத்துங்க. ரேக்கோட உயரம் ஆழத்த விட 6 மடங்குக்கு மேல போச்சுன்னா தரையில போல்ட் அடிச்சே ஆகணும்ங்குறது பொதுவான அளவுகோல், 18 இஞ்ச் ரேக்குக்கு அது 9 அடி. நான் சொல்றது, எத்தனை அடியா இருந்தாலும் அடிச்சிருங்க, பசங்க ஏணி இல்லாம தட்டுல கால வச்சு ஏறுவாங்க, வேணாம்னு சொன்னாலும் ஏறுவாங்க.

மேல ஏத்துறதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. சித்திர வைகாசியில தகரத்துக்குக் கீழ இருக்குற காத்து எப்படிக் கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும். முறுக்கு, தேன்குழல், சீப்பு சீட எல்லாம் எண்ணெயில சுட்டது, சூட்டுல வச்சா சீக்கிரமே சிக்கு வாட வந்துரும், வாங்குனவர் விக்கிறவரத் திட்டுவாரு, அவர் உங்ககிட்ட வருவாரு. பலகாரம் எப்பவும் இடுப்பு உயரத்துக்குக் கிட்ட, சுவர ஒட்டாம, வெயில் அடிக்காத பக்கம். மேல் தட்டுக்கு டேப்பு, கவரு, காலி அட்டப்பெட்டி, துணி பார்சல் இதெல்லாம் போகட்டும், அதுவும் லைட்டுல இருந்து தள்ளி. ஐப்பசி கார்த்திகையில மழ வரும், அப்ப கீழ் தட்டு பிரச்சன, தரையில இருந்து ஆறு இஞ்சாவது தூக்கி வைங்க, மரப் பலகைய விட பிளாஸ்டிக் பேலட் நல்லது, கரையான் வராது. இன்னொண்ணும் சொல்லணும், உணவுப் பொருள வச்சு அனுப்புறதே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுத் தொழில்ல சேந்தது தான், வெறும் வழிப்போக்கா வர்ற பார்சல் வேற, நாள் கணக்குல உங்ககிட்ட ஸ்டாக் வைக்கிறது வேற. உங்களுக்குப் பதிவு போதுமா லைசன்ஸ் வேணுமான்னு உணவுப் பாதுகாப்பு அலுவலர்கிட்ட கேட்டுக்கங்க, அது உங்க வியாபார அளவப் பொறுத்தது.

பலகாரக்காரங்ககிட்ட பெட்டிக் கணக்குல காசு வாங்குறீங்களா, எடைக் கணக்குல வாங்குறீங்களா? எடைன்னா நஷ்டம் உங்களுக்குத் தான். 45-க்கு 30-க்கு 30 சென்டிமீட்டர் பெட்டிய எடுங்க, பெருக்கி 5000-ஆல வகுத்தா 8.1 கிலோ, பெட்டி புடிக்கிற இடத்த எடையா மாத்தி கூரியர் கம்பெனிங்க பல பேர் கொள்ளளவு எட போடுறது இப்படித் தான், வகுக்குற எண் மட்டும் கம்பெனிக்கு கம்பெனி மாறும். உள்ள முறுக்கு நாலஞ்சு கிலோ தான் இருக்கும். அந்தப் பெட்டி உங்க ஷெட்டுல கிட்டத்தட்ட ஒன்றர கன அடி புடிக்குது. முதல் மூணு நாள் சும்மா, நாலாவது நாள்ல இருந்து பெட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்ன தொகை வைங்க, ஒரு ரூபாயா இருந்தாக் கூட சரி. நீங்க சம்பாதிக்கிறதுக்கு சொல்லல, தேவைக்கு மேல கொண்டாந்து எறக்குறது நின்னுரும், தேவையானப்ப தெனமும் கொண்டாந்து குடுப்பாங்க, அவங்க பலகாரமும் புதுசா போகும். பழசு முன்னாடி, புதுசு பின்னாடிங்குறது பலகாரத்துக்குப் போதாது, கெடு தேதி எது முன்னாடியோ அது முன்னாடி போகணும், ஏன்னா அதிரசமும் முறுக்கும் ஒரே நாள் வந்தாலும் ஒரே நாள் வரைக்கும் தாங்காது.

ஆத்தங்குடி கல்ல பத்தி நான் உறுதியாவே சொல்றேன், அது உங்க ஷெட்டுல இருக்க வேண்டிய சாமான் இல்ல. 10 இஞ்ச் கல்லு ஒண்ணு மூணு கிலோ கிட்ட வரும், 100 சதுர அடி தரைக்கு 144 கல்லு, அதாவது 400 கிலோவுக்கு மேல. உங்க ஆங்கிள் ரேக் தட்டு அத தாங்காது, தரையில தான் வைக்கணும், அதுவும் படுக்க வச்சு மேல மேல அடுக்குனா கீழ இருக்குறது விரிசல் விடும், நிறம் உரசும், முகத்துக்கு முகம் பேப்பர் வச்சு நிமித்தி வைக்கணும், அப்படி வச்சா அதுக்கு மேல வேற எதையும் ஏத்த முடியாது, ஆக தரையும் போச்சு உயரமும் போச்சு. அவர்கிட்ட பேசி, கல்லு ஆத்தங்குடியில பட்டறையிலயே இருக்கட்டும், அனுப்புற அன்னைக்கு உங்க டாட்டா ஏஸ் நேரா அங்க போய் ஏத்திட்டு வந்து லைன் வண்டியில மாத்தி விட்டுரட்டும்னு ஏற்பாடு பண்ணுங்க. உங்க தரைய தொடாமயே சரக்கு போயிரும், ஏத்தி எறக்குற தடவையும் ஒண்ணு கொறையும், ஒடைசலும் அதோட சேந்து கொறையும்.

காலையில பிரிக்கிற இடத்துக்கும் ஒரு வார்த்த. பின்கோடு வச்சுப் பிரிக்கிறீங்கன்னு எழுதியிருக்கீங்க. தேவகோட்டை 630302, கானாடுகாத்தான் 630103ன்னு வெளியூருக்கு அது சரி. ஆனா காரைக்குடிக்குள்ள 630001 மாதிரி சில பின்கோடுலயே பெரிய குவியலா விழுந்துரும், பசங்க அத மறுபடியும் தரையில பரப்பி தெரு பாத்துப் பொறுக்குவாங்க, தெனமும் ரெண்டு மணி நேரம் உங்க நடு ஹால் முழுக்க அதுக்கே போகும். வண்டியில இருந்து எறங்குறப்பவே ஸ்கேன் பண்ணி ரூட்டு நம்பர் எழுதி, ரூட்டுக்கு ஒரு பையோ சக்கரம் வச்ச கூடையோ வச்சு நேரா அதுல போட்டுருங்க, தரையில எதுவுமே படக்கூடாதுங்குறது தான் விதி. கூடை நிக்கிற இடத்துக்கு மஞ்ச பெயின்ட்ல கோடு அடிங்க, பதினோரு மணிக்கு அந்தக் கோட்டுக்குள்ள எதுவும் இருக்கக் கூடாது, மத்தியானத்துக்கு மேல அதே இடம் பலகாரம் பேக்கிங் பண்ண ஆகும். ஒரே 300 சதுர அடி ரெண்டு வேலைக்கு ஆச்சு. மின்சார போர்டுக்கு முன்னாடி மட்டும் மூணு அடி எப்பவும் காலியா விடுங்க, தீயணைக்கிற சிலிண்டரையும் பெட்டி வச்சு மறைக்காதீங்க, இடம் பத்தலன்னா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது அங்க தான், போன்லயும் பவர்பேங்க்லயும் லித்தியம் பேட்டரி இருக்குற காலத்துல அது ரொம்ப ஆபத்து.

கீழ கமென்ட்ல ஒருத்தர் பழைய வீட்டோட ரெண்டாங்கட்ட, அதாவது உள்பக்கத்து ரெண்டாவது பகுதிய, எடுத்து கூடுதல் குடோனா வச்சுக்கங்கன்னு சொல்லியிருக்காரு. வாடக கம்மி தான், குளிர்ச்சியும் கூட. ஆனா வாசல் குறுகல், படி ஏறி எறங்கணும், தூண் நடுவுல நிக்கும், ரேக் கால் அழுத்துனா தரைக் கல்லு தெறிக்கும். மாசத்துக்கு ஒரு தடவ எடுக்குற காலி பெட்டி வைக்க ஆகும், தெனம் வந்து போற பார்சலுக்கு வேணாம். அதே மாதிரி ஷெட்டுக்குள்ளயே இரும்புல மாடி கட்டலாமான்னு யோசிச்சிருக்கீங்க, அது தரையோட பலத்தையும் ஷெட்டோட அஸ்திவாரத்தையும் பொறுத்தது, பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன், பாத்தாலும் ஒரு சிவில் இன்ஜினியர் கையெழுத்து இல்லாம சொல்ல மாட்டேன். வெல்டிங் பட்டறக்காரர் "தாங்கும் சார்"னு சொல்றத நம்பி மேல ஆள ஏத்தாதீங்க.

அப்ப பக்கத்து 800 சதுர அடி? இப்ப எடுக்காதீங்க. கல்ல அனுப்பி, ரிட்டர்ன தெனமும் ஏத்தி, சுவரோர ரேக்க மட்டும் அடிச்சு ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்பறமும் காலையில பிரிச்சு முடிச்ச பின்னாடி ரேக் 85 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நெறஞ்சிருந்தா இடம் உண்மையிலயே பத்தல, யோசிக்காம எடுங்க. தீபாவளி நேரத்துல மட்டும் பிதுங்குதுன்னா அது வேற கதை, ஓனர்கிட்ட வழக்கமான 11 மாச அக்ரிமென்டுக்குப் போகாம புரட்டாசியில இருந்து தை வரைக்கும் மட்டும் குடுங்கன்னு கேளுங்க, சும்மா கெடக்குற ஷெட்டுன்னா பேசுனா எறங்கி வருவாரு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மழையில அங்க போய் நின்னு தகரம் எங்க ஒழுகுதுன்னு மட்டும் பாத்துக்கங்க.